எட்டா, பத்தா, பன்னிரண்டா

ஸ்பீக்கர் கிழிந்து சரியாக நாற்பது மணி நேரம் கழித்துத்தான் யுகேந்திரன் அதைப் பற்றி வாய் திறந்தான்.

"பன்னெண்டு இன்ச் போட்டுறலாம்."

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பது. பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் ஆறாவது மாடி வீடு. சமையலறை மேசையில் மூன்று பேர். அம்மா மீனாட்சி சார்டின் மீன் டின்னைத் திறந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி அதில் கொட்டியிருந்தாள். ரொட்டிக்கு அதைத் தொட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் கதவும் பாத்திரமும்தான் பேசின.

மேசைக்கடியில் ஆம்ப் இருந்தது. கிட்டாரைச் செருகி வாசிக்கும் பெட்டி. பழைய மாதிரிக் கண்ணாடி வால்வு போட்டது, பதினைந்து வாட். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். முன்பக்கத்துத் துணி தொங்கியது. உள்ளே பத்து இன்ச் ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் வாய் பிளந்து கிடந்தது.

சனிக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்கு அவன் தங்கை ரூபினி அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். மழைச்சாரல் அடித்துப் படி வழுக்கியது. நான்கு படி சறுக்கி விழுந்தாள். கைப்பிடிக் கம்பியின் உடைந்த முனை பெட்டிக்குள் போய்விட்டது. முன்னால் கிட்டாரோடு போய்க்கொண்டிருந்த யுகேந்திரன் திரும்பி வந்தான். அவனால் குனிய முடியாது. நின்றபடியே பார்த்தான். "ஐயோ, கிழிஞ்சிருச்சே," என்றான். சத்தம் கேட்டு மீனாட்சி மேலேயிருந்து ஓடி வந்தாள். "பெட்டி ஒடைஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

ரூபினியின் முழங்காலில் இருந்து ரத்தம் செருப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாற்பது மணி நேரமாக அவள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

"எட்டு இன்ச் போதும்," என்றாள் இப்போது, ரொட்டியைப் பிய்த்தபடி.

"எது?"

"ஸ்பீக்கர். எட்டு போதும்."

யுகேந்திரன் சிரித்தான். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அவளைவிட ஐந்து வயது மூத்தவன். "பத்து இருந்த எடத்துல எட்டா? ஏன், அஞ்சு போட்டுறேன். ஃபோனுல இருக்கற ஸ்பீக்கர புடுங்கி ஒட்டிறேன்."

"நீ வாசிக்கற ரெஸ்டாரண்டுல ஒனக்குக் குடுத்திருக்கறது ஒரு மூலை. முன்னால நாலு மேசை. அதுக்கு என்னத்துக்கு பன்னெண்டு?"

"சத்தத்துக்கு இல்லடி, டோனுக்கு."

"கிட்டாரோட தடிச்ச கம்பி எண்பது ஹெர்ட்ஸ். அத எட்டு இன்ச் முழுசா குடுக்காதுதான். ஆனா அதோட கூட வர்ற மேல் ஒலிங்கள வெச்சே காது அத கேட்டுக்கும். சாப்புட வந்தவனுக்கு வித்தியாசம் தெரியாது."

"பாருங்கம்மா, ஆரம்பிச்சிட்டா. ஃபிசிக்ஸ் டீச்சர்."

"ரூபி, சாப்புடு," என்றாள் மீனாட்சி.

"நீ லேப்ல சர்க்கியூட் போர்ட டெஸ்ட் பண்றவ. நான் வாசிக்கறவன். எது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாக அளந்து அளந்து எழுதுகிறவள். ஆனால் அவள் எட்டு இன்ச் கேட்டதற்குக் காரணம் அது இல்லை. அண்ணன் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும். அது இந்த வாரத்துக்குள் வேண்டும். ஏன் இந்த வாரத்துக்குள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு யுகேந்திரன் லாரியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் குளிர்பதனப் பெட்டி ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ விட்டது. முதுகெலும்பில் இரண்டு தட்டு நழுவி, அறுவை செய்து கம்பி வைத்தார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் இனிமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கடியில் இருக்கிறது.

படுத்துக் கிடந்த எட்டு மாதத்தில் அவன் பள்ளி நாளில் விட்ட கிட்டாரை மறுபடி எடுத்தான். எழுந்து உட்கார்ந்ததும் வேலை தேடினான். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை மாற்றி நடத்தும் சாப்பாட்டுக் கடையில், சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. நோர்மா என்பவள் அங்கே மேனேஜர். பழைய தமிழ்ப் பாட்டு, மலாய்ப் பாட்டு, கேட்டால் ஆங்கிலப் பாட்டு என்று கிட்டாரில் மட்டும் வாசிப்பான். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் அவன் சவரம் செய்துகொண்டான் என்றால் அது மிகையில்லை.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. கடையில் வைக்க இடம் இல்லை என்று நோர்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ரூபினி தூக்கினாள். பதின்மூன்று கிலோ நானூறு கிராம். குளியலறைத் தராசில் பெட்டியோடு ஏறி, பிறகு பெட்டியில்லாமல் ஏறிக் கழித்துப் பார்த்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை அவர்கள் போகவில்லை. இரவு நோர்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. மலாயில், மரியாதையாகத்தான் பேசினாள். வருகிற சனிக்கிழமையும் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முடித்தாள். யுகேந்திரன் அதை மூன்று முறை போட்டுக் கேட்டான்.

"சூலியா தெரு பாய்கிட்ட கொண்டு போவோம்," என்றான். "இன்னைக்கு ஒனக்கு லீவுதானே?"

"இந்த வாரம் முழுக்க லீவு. எடுக்காட்டி வீணாப் போயிரும்."

"வாரம் முழுக்கவா?" மீனாட்சி நிமிர்ந்தாள். "ஒரு நாள் கூட லீவு எடுக்க மாட்டியே நீ."

"அதனாலதான் அவ்வளவு மிச்சம்."

"அப்ப நல்லதாப் போச்சு. பெட்டிய தூக்கிட்டுப் போ."

ரூபினி தட்டைத் தள்ளினாள்.

"ஏம்மா, பன்னெண்டு இன்ச்னா பெட்டியும் பெருசா வேணும். யாரு தூக்கறது?"

"இவ்வளவு நாளு யாரு தூக்குனா?"

"அதத்தான் கேக்கறேன்."

"ரூபி." மீனாட்சியின் குரல் தாழ்ந்தது. அவள் கோபப்படும்போது குரல் தாழும். "அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"எனக்கு என்னம்மா இருக்கு?"

"ஒனக்கு என்ன கொற? வேலை இருக்கு. ஒடம்பு இருக்கு."

யுகேந்திரன் எழுந்து போய்ச் சட்டை மாற்றினான். நாற்காலியில் இருந்து எழும்ப அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அதை யாரும் பார்க்காத மாதிரி இருப்பது அந்த வீட்டின் வழக்கம். ரூபினியும் பார்க்கவில்லை.

*

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தரை, நான்கு, எட்டு, பன்னிரண்டு. கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள். ஆறாவது மாடிக்காரர்கள் மேலே போனாலும் இரண்டு மாடி, கீழே போனாலும் இரண்டு மாடி.

ரூபினி பெட்டியை வலது கையில் தூக்கி, இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கினாள். முழங்கால் மடங்கும்போது பிளாஸ்டர் இழுத்தது. பெட்டியின் உலோக மூலை ஒவ்வொரு படிக்கும் அவள் கெண்டைக்காலில் இடித்தது. அந்த இடத்தில் நான்கு வருடமாக ஒரு கன்றல் ஆறாமல் இருக்கிறது. அவள் குட்டைப் பாவாடை போடுவதை விட்டதற்கு அம்மா வேறு காரணம் நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

ஐந்தாவது மாடியில் ஆசியா பீவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நேற்று மழை, இன்றைக்கு வெயில் வெள்ளையாக அடித்தது. ஈரச் சுவரில் இருந்து ஆவி கிளம்பியது.

"என்ன தம்பி, சனிக்கெழம கச்சேரி இல்லையாமே?"

"ஆம்ப் ரோசாக் ஆயிருச்சுக்கா. ரிப்பேருக்குக் கொண்டு போறோம்."

"தங்கச்சிய தூக்க வெச்சு நீ கைய வீசிட்டுப் போறியே."

யுகேந்திரன் சிரித்தான். "ஜிம்முக்குப் போறதுக்கு இவளுக்குக் காசு மிச்சம்லா. ட்ரெயினர் நான். ஃப்ரீ."

ஆசியா பீவி சிரித்தார். சாப்பாட்டுக் கடையில் நோர்மாவும் அங்கே வேலை செய்கிறவர்களும் இதே வார்த்தைக்குத்தான் சிரிப்பார்கள். நான்கு வருடமாக ஒரே நகைச்சுவை. அவனுக்கு இடுப்பு போனது கடையில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டான். நொண்டி என்று நினைத்து வேலை கொடுத்தால் அந்த வேலை எனக்கு வேண்டாம் என்றான். அதனால் ரூபினி ஜிம்முக்குப் போகிறவள் ஆனாள்.

லிஃப்டுக்குள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"இன்னொரு தடவ அத சொல்லாத," என்றாள்.

"எத?"

"ஜிம்மு."

"ஜோக்குக்குக்கூட கோவமா? என்னலா ஆச்சு ஒனக்கு? ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க. நான்தான் கோவப்படணும். என் ஸ்பீக்கர ஒடைச்சது நீ."

"நான் விழுந்தேன் அண்ணே."

"சரி, விழுந்த. பாத்து எறங்கியிருக்கலாம்ல?"

அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. லிஃப்ட் தரைக்கு வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. கீழே வைத்திருந்தால் அதை எட்டி உதைத்திருப்பாள்.

*

சூலியா தெருவில் வண்டி நிற்க இடம் கிடைக்கவில்லை. காசு மாற்றும் கடை முன்பாக இறங்கி, நாசி கண்டார் கடையின் குழம்பு வாசத்தைத் தாண்டி, பக்கத்துச் சந்துக்குள் நடந்தார்கள். ஷேக் அலாவுதீனின் கடை ஒரு மசாலாக் கடைக்கும் பயணப் பெட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் ஒரே அலமாரியில் பழுதுக்கு வந்து அடுக்கியிருந்தன. வேட்டைக்காரனின் மான்தலை மாதிரி சுவரெங்கும் ஸ்பீக்கர்கள். ஒரு ஆள் ஒலிவாங்கி வாங்க வந்து, கைப்பேசியைப் பார்த்தபடி ஸ்டூலில் காத்திருந்தார்.

அலாவுதீனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தார்.

"இது ஸ்பீக்கரா, மீன் செவுளா தம்பி?"

"விழுந்திருச்சு பாய்."

"யாரு?"

"பெட்டி."

"நானும் விழுந்தேன்," என்றாள் ரூபினி.

அலாவுதீன் அவளைப் பார்த்தார். "அடி பட்டுச்சா தங்கச்சி?"

"ஆமா."

அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை. தெரியாத மனிதர்கள் முன்னால் அவள் குரல் எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டில் பேசிய அத்தனை ஹெர்ட்ஸும் கடை வாசலிலேயே நின்றுவிட்டது.

"பன்னெண்டு போடணும்," என்றான் யுகேந்திரன். "இவ எட்டு போதும்கறா."

"ரெண்டு பேரும் வாயால சொல்றீங்க. பலகைகிட்ட கேப்போம்."

அவர் கடையின் பின்பக்கம் ஓர் ஆளுயரப் பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதில் மூன்று வட்ட ஓட்டை. எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர். யார் வந்து எது நல்லது என்று கேட்டாலும் அலாவுதீன் பதில் சொல்ல மாட்டார். வாசித்துக் கேட்கச் சொல்வார். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்த உலோகச் சட்டத்தை மட்டும் வெளியே எடுத்து மேசையில் வைத்தார். கிழிந்த ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றிப் பலகையின் கம்பிகளில் மாட்டினார்.

"ஒரே பாட்டு, ஒரே சத்தம். குமிழ தொடக் கூடாது. அதுதான் சட்டம்."

யுகேந்திரன் மர நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாய்ந்தால் வலிக்கும். கிட்டாரை மடியில் வைத்ததும் அவன் முகம் மாறியது. அது ரூபினிக்குப் பிடிக்காத விஷயம். அந்த முகத்தின் மேல் கோபப்பட முடியாது.

எட்டு இன்ச்சில் ஒலி நெருக்கமாக, நடுவில் மட்டும் துருத்திக்கொண்டு வந்தது.

"இது புது மாப்பிள்ள," என்றார் அலாவுதீன். "பேச ஆசதான். வாயத் தொறந்தா பாதிதான் வெளிய வரும்."

பத்து இன்ச்சில் பழகிய ஒலி.

"இது கவர்மெண்டு ஆளு. கொறையும் சொல்ல முடியாது, நெறையும் சொல்ல முடியாது."

பன்னிரண்டு இன்ச்சுக்குக் கம்பியை மாற்றினார். யுகேந்திரன் அதே பாட்டைத் தொடங்கினான். தடித்த கம்பியின் ஒலி கடைத்தரை வழியாக அவள் காலுக்கு வந்தது. மெல்லிய கம்பி காதைக் குத்தாமல் வட்டமாக நின்றது. ஸ்டூலில் இருந்தவர் கைப்பேசியில் இருந்து தலையைத் தூக்கினார். மசாலாக் கடைப் பெண் வாசலில் வந்து நின்றாள். பாட்டு முடியும் வரை அலாவுதீன் உவமை எதுவும் சொல்லவில்லை.

ரூபினிக்கும் தெரிந்தது. மூன்றில் அதுதான் நல்லது. கேள்வியே இல்லை. அது தெரிந்ததில் அவளுக்கு ஆத்திரம் கூடியது. அவன் தப்பாக இருந்திருக்கலாம். ஒரு தடவையாவது.

"கேட்டியா?" என்றான் யுகேந்திரன். நெற்றியில் வியர்வை. "இப்ப சொல்லு ஃபிசிக்ஸ் டீச்சர்."

அவள் தொண்டையைச் செருமினாள். "வெயிட் எவ்வளவு அண்ணே?" என்று அலாவுதீனிடம் கேட்டாள்.

"எதோட வெயிட்டு?"

"ஸ்பீக்கரோடது. எட்டு எவ்வளவு, பன்னெண்டு எவ்வளவு?"

"வெயிட்டா?" அவர் சிரித்தார். "ஸ்பீக்கர் கேக்க வர்றவன் வாட் கேப்பான், வெல கேப்பான். இவங்க கிலோ கேக்கறாங்க. மீன் வாங்கற மாதிரி." ஆனாலும் எழுந்து போய் மசாலாக் கடையில் இருந்து தராசை வாங்கி வந்தார். தட்டில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு எட்டு இன்ச் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தார்.

மூன்று கிலோ நூறு.

பன்னிரண்டு இன்ச்சை வைத்தார்.

ஒரு கிலோ தொள்ளாயிரம்.

ரூபினி குனிந்து எண்ணை மறுபடி பார்த்தாள்.

"காகிதத்துக்கு ஏது வெயிட்டு தங்கச்சி? பின்னால இருக்கற காந்தம்தான் வெயிட்டு. எட்டுக்குப் போட்டிருக்கறது பழைய காந்தம், கல்லு மாதிரி. பன்னெண்டுல இருக்கறது புது ஜாதி. உள்ளங்கை அளவுதான், ஆனா இழுக்கும்."

யுகேந்திரன் கை தட்டினான். "பத்தாததுக்கு வெயிட்டும் கம்மி! போதுமா? இதுக்கு மேல என்ன சொல்லுவ?"

அவள் காது சூடாகியது. ஆறு வருடமாக அளந்து எழுதுகிறவள். சின்னது என்றால் லேசானது என்று அளக்காமலே முடிவு செய்திருந்தாள். மூன்று வாரமாக அந்த முடிவின் மேல்தான் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தாள்.

"பெட்டி?" என்றாள். "பன்னெண்டுக்குப் பெட்டி பெருசா வருமே."

"வரும். பழைய பெட்டிய அறுத்துப் போட முடியாது. ஸ்பீக்கரு டிரான்ஸ்ஃபார்மர்ல இடிக்கும். மெல்லிசு பலகைல புதுசா அடிச்சா அஞ்சரை கிலோ. எட்டுக்குச் சின்னதா அடிச்சா மூணரை. வெள்ளிக்கெழம குடுத்துருவேன்."

"எல்லாம் சேத்து?"

"அதுக்கு இத நிறுக்கணும்." அவர் மேசையில் இருந்த உலோகச் சட்டத்தைத் தூக்கித் தராசில் வைத்தார். வால்வுகள் இன்னும் சூடாக இருந்தன.

ஐந்து கிலோ இருநூறு.

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்பீக்கர் இல்லை, பெட்டி இல்லை, கைப்பிடி இல்லை. வெறும் சட்டம் மட்டுமே டாக்டரின் தாளைத் தாண்டிவிட்டது. எட்டு, பத்து, பன்னிரண்டு, எதைப் போட்டாலும் அவனால் தூக்க முடியாது. காலையில் இருந்து நடந்தது, இல்லாத ஒன்றுக்காக நடந்த சண்டை.

"பன்னெண்டு போட்டா பன்னெண்டரை கிலோ, கொஞ்சம் மேல," என்றார் அலாவுதீன். "எட்டு போட்டா பன்னெண்டுக்குக் கொஞ்சம் கீழ. ஒரு கிலோ வித்தியாசம்கூட இல்ல. நீங்கதான தூக்குவீங்க?"

"இவதான்," என்றான் யுகேந்திரன். "இவளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல பாய். இவ ஜிம்முக்கு…" ஸ்டூல்காரரைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

"அஞ்சு கிலோவுக்குள்ள எதுவும் இல்லையா?" என்றாள் ரூபினி. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அஞ்சுக்குள்ளயா? வால்வுல வராது. அதோ பாருங்க." அலாவுதீன் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு ஆம்ப் ஒன்று. "டிரான்சிஸ்டர் ஆம்ப். எட்டு இன்ச்தான். நாலு கிலோ. பாட்டரிலயும் ஓடும். ஒரு விரல்ல மாட்டிட்டுப் போலாம்."

"அத வாங்கிக்கலாம்."

"எத?" என்றான் யுகேந்திரன்.

"அந்த நாலு கிலோவ."

"பைத்தியமாடி ஒனக்கு? ஸ்கூல் புள்ளைங்க பழகறதுக்கு வாங்கறது அது. அத வெச்சு நான் நோர்மா முன்னாடி உக்காந்து வாசிக்கணுமா? இப்பதானே கேட்ட, பன்னெண்டு எப்படி இருந்துச்சுன்னு? காது இருக்கா இல்லையா?"

"கேட்டேன். நல்லாதான் இருக்கு."

"அப்பறம்?"

"ஆனா இத நீ தூக்கலாம்."

யுகேந்திரனின் முகம் சுருங்கியது. ஸ்டூல்காரர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"வெளிய வெச்சுப் பேசற பேச்சா இது?"

"வீட்ல பேசுனா அம்மா ரொட்டி சாப்புடுங்கறாங்க."

"தூக்கறதுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லியிருக்கலாம்ல? நாலு வருஷம் வாயத் தொறக்காம தூக்கிட்டு, இப்ப வந்து…"

"யாராவது கேட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"தூக்கறியான்னு. ஒரு தடவ. மொத சனிக்கெழமையாவது. அம்மா பெட்டிய என் கைல குடுத்தாங்க, நீ கிட்டார எடுத்துட்டு நடந்த. அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கூப்புட்டா போக முடியாது, சனிக்கெழம. படத்துக்குப் போக முடியாது, சனிக்கெழம. சளி புடிச்சாலும் சனிக்கெழம. போன வாரம் முட்டி பேந்து ரத்தம் ஊத்துது, நீ ஸ்பீக்கரப் பாக்கற."

"ரூபி, மெதுவா பேசு."

"நீ தூக்க முடியாதவன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதுக்கு நான் ஜிம்முக்காரி. நான் சிரிப்பா நிக்கணும்."

அலாவுதீன் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஒரு திருகைக் கையில் எடுத்து அதையே பார்த்தார். ஸ்டூல்காரர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

யுகேந்திரன் கிட்டாரைப் பைக்குள் வைத்தான். ஜிப்பை இழுத்து மூடினான். எழுந்திருக்க நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றினான். முதல் முறை முடியவில்லை. ரூபினி நகரவில்லை. இரண்டாவது முறை எழுந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"பாய், பன்னெண்டு போடுங்க," என்றான். "புதுப் பெட்டி. வெள்ளிக்கெழம வர்றோம்."

"அண்ணே, அந்த நாலு கிலோவ எடு."

"வேணாம்."

"எடு. நீயே தூக்கிட்டுப் போலாம். யாரும் கூட வர வேணாம். கிட்டார் ஒரு கை, இது ஒரு கை. நோர்மாகிட்ட நீயே எறங்கிப் போலாம்."

"நான் எதுக்குடி தனியா போகணும்?" அவன் கத்தினான். "நான் எதுக்குத் தூக்கணும்? நீ இருக்கியே!"

மசாலாக் கடைப் பெண் தராசை வாங்கிப் போக வந்து, வாசலிலேயே நின்றாள்.

ரூபினி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அலாவுதீன், வாசலில் இரண்டு பேர், அண்ணன். தெரியாதவர்கள் முன்னால் அடைக்கும் குரல் இப்போது அடைக்கவில்லை.

"நான் இல்ல அண்ணே," என்றாள். "இந்த சனிக்கெழம தூக்கிட்டு வருவேன். அடுத்த சனிக்கெழம நான் பினாங்குலயே இல்ல. சிங்கப்பூர்ல வேலை கெடைச்சிருச்சு. கையெழுத்துப் போட்டு மூணு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கு பஸ்ஸு."